பால் காய்ச்சிய இரண்டு பேர்

பால் நெஞ்சுக்கு நல்லது என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்பவர் பெரியவரா சின்னவரா என்றெல்லாம் பார்க்க மாட்டேன், வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுவேன். என்னைக் கட்டிக்கொண்டவன் இந்த வாய்க்குப் பயந்துதான் ஓடினான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். ஓடினவன் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். இது என் கதை இல்லை, எங்கள் அண்ணியின் கதை. என்னைவிட ஒரு வயது சின்னவள், உறவுமுறைக்குத்தான் பெரியவள். அதனால் எங்களுக்குள் நீ, வா, போ தான். அவளுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், எதிராளி பேசி முடிக்கும்வரை அவளால் சும்மா இருக்க முடியும்.

நாங்கள் வேலை பார்த்தது கல்லறுக்கும் பட்டறையில். சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் போடுகிற பலகைக் கல்லை அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து அனுப்புவார்கள். முடிந்த கல்லைத் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. மெஷினைப் போட்டுவிட்டால் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது, அப்படி ஒரு வெள்ளைத் தூசி. புருவம், காது மடல், பல்லிடுக்கு எங்கும் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் பறக்காது. ஆனால் பென்சில் கோடு அழிந்துவிடும், தரை சேறாகிவிடும், வேலை பாதிதான் நடக்கும். ஆகவே காய்ந்த அறுப்புதான். மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பரிகாரமாக ஒன்று இருந்தது. சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் நிறையச் சூடான பால். அந்தப் பால் உள்ளே போய், படிந்திருக்கிற தூசியைத் திரட்டிக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள். லீவு போட்டவன்கூடச் சாயங்காலம் பாலுக்கு மட்டும் வந்து நிற்பான். ஸ்டிக்கர் ஒட்டுகிறவளுக்கு அரை டம்ளர். எனக்குத் தூசி கம்மியாம்.

எங்கள் அண்ணன் அங்கே கல்லை அறுக்கிற கட்டராக இருந்தான். கூப்பிட்டால் ஓடி வருகிற ஆள், நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடிக்கிற ஆளாகிப் போனான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அண்ணிக்கு ஒரே கவலை, வார்டில் பால் கொடுக்கவில்லையே என்று. டாக்டர் வந்ததும் கேட்டாள்.

“சார், வீட்டுலேர்ந்து பால் கொண்டாரட்டுமா? நெஞ்சைக் கழுவணுமே.”

அந்த டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலோரத்தில் உட்கார்ந்து, தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். “இங்க ரெண்டு குழாய் இருக்கும்மா. ஒன்னு சாப்பாட்டுக்கு, ஒன்னு மூச்சுக்கு. நீங்க குடுக்கற பால் இதுல எறங்கி வயித்துக்குப் போகும். தூசி அதுல போய் நெஞ்சுல உக்காந்துக்கும். பால் அங்க போகவே போகாது.”

அண்ணன் போன பிறகு ஒருநாள் அண்ணி என்னிடம் சொன்னாள். “அவர் மட்டும் சிரிச்சிருந்தார்னு வை, இவருக்கு என்ன தெரியும்னு வந்திருப்பேன். இன்னமும் பாலைத்தான் நம்பிட்டு இருந்திருப்பேன்.”

அண்ணன் இருந்தவரை பட்டறையில் பால் காய்ச்சியது மேஸ்திரியின் மனைவி. பெரிய மனசுக்காரி. எங்கள் அம்மா போன பிறகு எங்கள் தம்பி பாதி நாள் சாப்பிட்டது அந்தம்மா கையால்தான். பெரியம்மா, பெரியம்மா என்று காலைச் சுற்றிக்கொண்டே திரிவான். வளர்ந்ததும் மேஸ்திரியே அவனை மெஷினில் நிறுத்தி வேலை சொல்லிக் கொடுத்தார். அண்ணன் போய்க் கொஞ்ச நாளில் அந்தம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தாலி அறுத்தவளுக்கு ஒரு பிழைப்பு வேண்டுமே என்று மேஸ்திரி அந்த அடுப்படி வேலையை எங்கள் அண்ணிக்குக் கொடுத்தார். நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

பால் நெஞ்சுக்குப் போகாது என்று தெரிந்தவள், நெஞ்சுக்கென்று பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். “வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்” என்பேன். அவள் சொல்லாமல் இல்லை. அவள் சொல்கிற விதம் வேறு. டம்ளரை நீட்டிக்கொண்டே ஒருவனைக் கேட்பாள், “உனக்கு இதை யாருப்பா மொதல்ல சொன்னது?” அவன் தன் மாமன் கதை, சித்தப்பன் கதை எல்லாம் சொல்வான். அவள் ம் கொட்டிக் கேட்பாள். எல்லாம் முடிந்த பிறகு, “எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. டாக்டர் ஒரு விஷயம் சொன்னார், கேக்கறியா?” என்று தொண்டையில் இரண்டு விரலை வைப்பாள். கேட்கிறவன் கேட்பான். வேண்டாம் என்கிறவனை விட்டுவிடுவாள், மறுநாள் அதே சிரிப்போடு டம்ளரை நீட்டுவாள்.

அவள் கெட்டிக்காரத்தனத்தில் இரண்டு பேர் மாஸ்க் போட்டார்கள். ஒருவன் துண்டை நனைத்து மூக்கில் கட்டினான். அவ்வளவுதான். எங்கள் தம்பி மட்டும் அசையவில்லை. “அண்ணி, மேஸ்திரி எத்தனை வருஷமா நிக்கறாரு, அவருக்கு என்ன ஆச்சு? நீங்க சும்மா இருங்க” என்பான். மேஸ்திரி என்ன சொல்கிறாரோ அதுதான் அவனுக்கு வேதம்.

பிறகு அவனுக்கு இருமல் வந்தது. நான் திட்டித் திட்டித்தான் நெஞ்சைப் படம் எடுக்க வந்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போதே தூசியை விட்டு வெளியே வந்தால் பிழைக்க வழி உண்டு, இன்னும் அதில் நின்றால் அண்ணன் போன வழிதான் என்றார். தம்பி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எப்படி சார்? ஒரு நாள்கூட நான் பாலை விட்டதில்லையே.”

வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் பட்டறைக்குப் போய் அங்கேயும் சொன்னான். அங்கேதான் எவனோ ஒருவன் வாயில் அது முளைத்தது. ஒரு நாள் விடாமல் குடித்தவனுக்கு நெஞ்சில் வருகிறதென்றால், அவன் குடித்தது பாலாக இருந்திருக்காது. சாயங்காலத்துக்குள் அது எல்லோர் வாயிலும் இருந்தது. யாருடைய போனிலோ ஒரு குரல் வேறு வந்து சேர்ந்தது. தண்ணீர் கலந்த பால் தூசியை வெளியே தள்ளாதாம், உள்ளே குழைத்துப் பூசிவிடுமாம். பேசியவன் யார், எந்த ஊர், எவனுக்கும் தெரியாது. குரல் கணீரென்று இருந்தது, அது போதுமாயிருந்தது.

மெஷின்கள் நின்றதும் மேஸ்திரி அடுப்படிக்கு வந்தார். பின்னாலேயே எல்லோரும். எங்கள் தம்பியும்தான், தலையைக் குனிந்துகொண்டு.

“உன்னை நான் சந்தேகப்படல தங்கச்சி. கேக்கற இடத்துல இருக்கேன், கேக்கறேன். பால்ல தண்ணி கலந்தியா?”

“இல்லண்ணே.”

“அப்போ பையன் நெஞ்சுல எப்படி வந்துச்சு?”

“தூசியாலண்ணே. சுத்தமான பாலா இருந்தாலும் அது நெஞ்சுக்குப் போகாது.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “இத்தனை நாளா பாலால பிரயோஜனம் இல்ல, பிரயோஜனம் இல்லன்னு இந்தம்மா எதுக்கு ஓதிட்டு இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா? கலந்தது வெளிய தெரியக் கூடாதுன்னுதான்!”

எங்கள் அண்ணன் குடித்த பாலை யாருய்யா காய்ச்சினது என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அண்ணி என் கையை நகம் பதிகிற மாதிரிப் பிடித்தாள். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு, “நீ கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா” என்றார். நாளையிலிருந்து பாக்கெட் பால், ஆளுக்கு இரண்டு டம்ளர், அவரே காய்ச்சுவார் என்று முடிவாயிற்று. எங்கள் தம்பி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மெஷினில் நிற்பானாம், எல்லாம் சரியாகிவிடுமாம்.

வீட்டுக்கு வந்து நான் ஆடின ஆட்டத்தைப் பக்கத்து வீடுகள் எல்லாம் கேட்டிருக்கும். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த ஆளு வாயைத் திறந்திருப்பாரா? ஏன்டி தடுத்தே?”

அண்ணி உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “அவர் வாயை அடைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு அவர் காது வேணும். அவர் ஒரு வார்த்தை சொன்னாத்தான் உன் தம்பி மெஷினை விட்டு எறங்குவான். செத்துப்போன பொண்டாட்டியை அத்தனை பேர் முன்னாடி இழுத்தா அந்த மனுஷன் கேப்பாரா?”

“கேக்காட்டி போகட்டும்!”

“போறது உன் தம்பிடி.”

இரண்டு நாள் விட்டு, சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்குப் புறப்பட்டோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒற்றை அறை வீடு. ஒரு இரும்புக் கட்டில், சுவரில் அந்தம்மாவின் படம், ஜன்னல் விளிம்பில் கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. தம்பி தரையில் உட்கார்ந்து அவருடைய பழைய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுச் சரி பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்தால் அவன் அங்கேதான் கிடப்பான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேஸ்திரி எழுந்து கட்டிலில் இடம் விட்டார்.

“சண்டை போட வந்தியாம்மா?”

“இல்லண்ணே. ஒன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க வந்தேன். பட்டறையில பால் குடுக்கற வழக்கம் எப்படி வந்துச்சு?”

அவர் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. கூட நின்றவர்கள் இரண்டு பேர் இரத்தமாகத் துப்பிச் செத்ததையும், அவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளி வாசலில் உட்கார்ந்ததையும் சொன்னார். “ஏதாச்சும் வழி பண்ணாம ஏந்திரிக்க மாட்டோம்னுட்டேன். நாள் கணக்கா மெஷின் ஓடல. கடைசியில மொதலாளியே எறங்கி வந்தாரு. பால் குடுக்கறேன்யா, நெஞ்சைக் கழுவிடும்னாரு. அன்னைக்குப் பசங்க என்னைத் தோள்ல தூக்கிட்டு ஆடினானுங்க.”

தண்ணீர்க் குழாய் போடுவதைவிடப் பால் மலிவு என்று அந்த முதலாளி கணக்குப் போட்டிருப்பான் என்று எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. சத்தியம் பண்ணித் தொலைத்தேனே, மென்று விழுங்கினேன்.

“பெரிய காரியம்ணே” என்றாள் அண்ணி. அவள் ஒப்புக்குச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். “அதுக்கு முன்னாடி யாரு உங்களையெல்லாம் திரும்பிப் பாத்தாங்க? நீங்க கேட்டீங்க, அதனாலதான் பசியோட வீட்டுக்குப் போனவங்க வயிறு நெறஞ்சு போனாங்க.”

“அதான் சொல்றேன்.”

“அதுக்கப்புறம் யாருக்கும் நெஞ்சுல வரலையாண்ணே?”

“வந்துச்சு. நெட்டையனுக்கு வந்துச்சு. அப்புறம் அந்தப் பாட்டுக்காரன். அப்புறம்… உன் வீட்டுக்காரன்.”

“அவங்க பால் குடிக்கலையா?”

“குடிக்காம என்ன? உன் வீட்டுக்காரன் ரெண்டாவது டம்ளருக்கு நிப்பானே.”

“ஆமாண்ணே. நிப்பாரு.”

அண்ணி அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் கேட்க வேண்டியதே இல்லை. அந்த நாட்களில் அடுப்படியில் நின்றது யார் என்று அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். தம்பி கையில் திருப்புளியோடு மேஸ்திரியையே பார்த்தான். மேஸ்திரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரப்போகிறது, தம்பி பிழைத்தான் என்றே நான் நினைத்தேன்.

“அவளும் கலந்திருப்பா” என்றார்.

அண்ணி பதறி எழுந்துவிட்டாள். “அண்ணே, வேணாம். அப்படிச் சொல்லாதீங்க. அக்கா கலக்கல.”

“உனக்கென்ன தெரியும்? அடுப்படிப் பக்கம் நான் போனதே இல்ல. கலந்திருப்பா. எல்லாரும் கலக்கறதுதான். நான்தான் பாக்காம விட்டுட்டேன்.” சொல்லச் சொல்ல அவர் குரல் உறுதியாகிக்கொண்டே போனது. அடப்பாவி மனுஷா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன், சத்தியமாவது ஒன்றாவது.

அண்ணிக்குக் கண்ணீர் வழிந்தது. “அக்கா மேல பழி வரணும்னு நான் இங்க வரலண்ணே. நான் பேசினது தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க. அவங்களை விட்டுடுங்க.”

தம்பி திருப்புளியைத் தரையில் வைத்தான். கழற்றிய மின்விசிறியை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனான். மேஸ்திரி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

காலையில் அவன் பட்டறைக்குக் கிளம்பவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணி தேநீர் கொண்டுபோய் வைத்தபோது கேட்டான்.

“பெரியம்மா கலக்கல, இல்ல அண்ணி?”

“இல்லடா. அவங்க இருந்தப்போ ஒத்தாசைக்குப் போவேன், எனக்கு அந்த அடுப்பு பத்த வெக்கச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். பசங்க குடிக்கறதுடி, ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதும்பாங்க.”

“அப்போ அண்ணன் குடிச்சது நல்ல பால்.”

“நல்ல பால்.”

“நான் குடிச்சதும்.”

“நீ குடிச்சதும்.”

அவன் கொஞ்ச நேரம் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். “அப்போ நானும் அண்ணன் மாதிரியா?”

இல்லை என்று சொல்லேன்டி என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அண்ணி அவன் எதிரே உட்கார்ந்தாள். “தெரியலடா. உள்ள போனது வெளிய வராதுன்னாரு டாக்டர். இனிமே போகாம இருந்தா நெறைய நாள் இருக்கலாம்னாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தெரியாததை உன்கிட்ட சொல்ல மாட்டேன்.” அவன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அந்த மெஷினை அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறான். சரிவில் ஏறினால் நின்று நின்று ஏறுகிறான். இருக்கிறான், எனக்கு அது போதும்.

பட்டறையில் இப்போது புதுக் கதை. மேஸ்திரி சம்சாரமே கலந்தாளாம், அதனால்தான் அந்தக் காலத்தில் அத்தனை பேர் போனார்களாம். உயிரோடிருக்கும்போது அவள் கையால் சாப்பிட்ட வாய்கள்தான். நானென்றால் ஒவ்வொருவனையும் நிறுத்தி நறுக்கென்று கேட்பேன், கேட்டும் இருக்கிறேன். ஒருவனும் மனசு மாறவில்லை, என்னைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறான்கள். அண்ணி பட்டறை வாசலுக்குப் போய் நிற்பாள். வேலை போனவள், திருட்டுப் பட்டம் வாங்கினவள், வெளியே வருகிறவனிடம் நலம் விசாரிப்பாள், பிள்ளை படிப்பைக் கேட்பாள், பிறகு சொல்வாள், “அந்தம்மா கலக்கலப்பா. எனக்குத் தெரியும்.” சிலர் நின்று கேட்டார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். காய்ந்த அறுப்பு இன்னமும் நடக்கிறது. மாஸ்க் போடுகிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள், கூடியதாகச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சின் சத்தம் எனக்குத் தெரியும், அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் என்னிடம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்து மூச்சு கொஞ்சம் அடங்கியதும், “அவ கலக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கியாமே” என்றார்.

“ஆமாண்ணே.”

“அவ கலக்கலைன்னா…” மூச்சு வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். “அவ கலக்கலைன்னா, அத்தனை பசங்களையும் நான்தானே பாலைக் குடிங்கடா, ஒன்னும் ஆகாதுன்னு மெஷின்ல நிறுத்தினேன்.”

“உங்களுக்குச் சொன்னதை நீங்க நம்புனீங்கண்ணே. எனக்கும் ஒருத்தர் உக்காந்து சொல்லலைன்னா நானும் நம்பிட்டுத்தான் இருந்திருப்பேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, இல்லை சும்மா ஆட்டினாரா, தெரியவில்லை. பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லு தங்கச்சி.”

“என்னண்ணே சொல்லணும்?”

“அவ கலக்கலைன்னு.”

“அக்கா கலக்கலண்ணே” என்றாள் அண்ணி. “ஒரு சொட்டுக்கூடக் கலக்கல.”

அவர் கையை விடவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.